சிப்பியின் சகவாசம்

1

1877இல் ஜெர்மனியில் சிப்பிகளைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் வெளிவந்தது. தலைப்பில் எந்தக் கவர்ச்சியும் கிடையாது. தமிழில் 'சிப்பியும் சிப்பித் தொழிலும்' என்று சொல்லலாம். எழுதியவர் கார்ல் மோபியஸ், கீல் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். (ஒரே பக்கம் கொண்ட காகிதப் பட்டையால் நமக்குத் தெரிந்த மோபியஸ் வேறு ஆள், அவர் கணிதக்காரர்.) பிரான்ஸில் செயற்கையாகச் சிப்பி வளர்த்துக் காசு பார்க்கிறார்களே, நம் வடகடல் கரையிலும் அது நடக்குமா என்று பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டது. மோபியஸ் பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நடக்காது என்றார். நம் கரையின் சேறும் நகர்ந்துகொண்டே இருக்கும் மணலும் அதற்கு இடம் கொடுக்காது, இருக்கிற சிப்பித் திட்டுகளை அளவோடு அள்ளிப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இங்கே நான் சிப்பி என்பது முத்துச்சிப்பியை அல்ல. அது வேறு குடும்பம். இது ஐரோப்பியர் எலுமிச்சை பிழிந்து பச்சையாக விழுங்கும் ஆய்ஸ்டர்.

ஒரு அரசாங்க ஆய்வின் அடியில் பிறந்த புத்தகத்தை 2020களில் ஒரு சாஃப்ட்வேர்காரன் ஏன் படிக்கவேண்டும்? அதற்குள் ஒரு சொல் பிறக்கிறது என்பதால். சிப்பித் திட்டில் சிப்பி மட்டும் இல்லை, நண்டு, நத்தை, புழு, நட்சத்திர மீன் என்று ஒரு கூட்டமே இருக்கிறது என்பதை மோபியஸ் பார்க்கிறார். எண்ணிக்கைக்காரர் அவர். பிறக்கும் சிப்பிக் குஞ்சுகளில் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் வளர்ந்து முதிர்கிறது என்று கணக்குப் போடுகிறார். மற்றவை மற்றவர்களுக்கு உணவாகவோ இடமில்லாமலோ போகின்றன. சிப்பியை அளவுக்குமேல் அள்ளிய பிரெஞ்சுக் கரைகளில் வேறு மட்டிகள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதைக் குறிப்பிடுகிறார். ஒரு உறுப்பினரின் எண்ணிக்கை மாறினால் மொத்தக் கூட்டமும் மாறும். அந்த மொத்தத்துக்கு அதுவரை பெயர் இல்லை என்று சொல்லி, அவரே ஒரு பெயர் வைக்கிறார்: 'பயோசெனோஸ்'. சூழலியலில் இன்று நாம் சாதாரணமாகப் புழங்கும் உயிரினச் சமூகம் என்ற கருத்துக்கு அதுதான் தொட்டில். ஒரு காட்டையோ புல்வெளியையோ பார்த்துப் பிறந்த கருத்து அல்ல இது. சாப்பிடும் சிப்பியைப் பார்த்துப் பிறந்தது.

1883இல் அமெரிக்க மீன்வள ஆணையத்தின் அறிக்கையோடு வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் இதை வாசித்தேன். வாசிக்கும்போது உறுத்தியது ஒரு இன்மை. மோபியஸின் பட்டியலில் பாக்டீரியா இல்லை. அது அவர் குற்றமல்ல. ராபர்ட் கோக் என்ற கிராமப்புற மருத்துவர் ஆந்த்ராக்ஸ் நோய்க்கு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாதான் காரணம் என்று காட்டியதே 1876இல்தான். அதாவது ஓராண்டு இடைவெளியில், ஒரே நாட்டில், இரண்டு வேறுவேறு கேள்விகள் பிறக்கின்றன. கோக்கின் கேள்வி 'யார்?' மோபியஸின் கேள்வி 'யாரோடு?'

கோக்கின் கேள்வி ஜெயித்தது. காசநோய், காலரா என்று வரிசையாகக் குற்றவாளிகள் பிடிபட்டார்கள். மருத்துவம் அந்தக் கேள்வியின்மேல் எழுந்து நின்றது. மோபியஸின் கேள்வி சூழலியல் துறையின் பாடப்புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டும் மறுபடி ஒரே ஓட்டுக்குள் சந்திக்க நூற்று நாற்பது வருடம் ஆனது. அந்தச் சந்திப்பை எப்படி எழுதியிருக்கிறார்கள், அதை எந்தச் சொற்களில் புரிந்துகொள்கிறோம் என்பதுதான் என் அக்கறை. அறிவியல் கட்டுரையும் ஒரு கதைசொல்லல்தான், அதற்கும் விமர்சகன் தேவை என்று நம்புகிறவன் நான்.

2

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். மோபியஸ் தன் கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜெர்மன் சொல்லையும் வைத்தார்: 'லேபென்ஸ்கெமைண்டே'. கெமைண்டே என்றால் ஊராட்சி, தேவாலயத்தின் சபை. ஒரு இடத்தில் சேர்ந்து வாழ்பவர்கள், ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள் என்ற தொனி அதில் உண்டு. ஆங்கிலத்தில் அது 'கம்யூனிட்டி' ஆனது. தமிழில் நாம் கூச்சமே இல்லாமல் 'சமூகம்' என்று எழுதுகிறோம். 'சிப்பியின் பாக்டீரியாச் சமூகம்.'

அந்தச் சொல் எனக்கு ஒத்துவரவில்லை. "நீங்க எந்த சமூகம்?" என்று தமிழ்நாட்டில் ஒருவர் கேட்டால் அவர் என்ன கேட்கிறார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பிறப்பால் உள்ளே இருப்பது, வெளியே போக முடியாதது, புதிதாக யாரும் சேர முடியாதது. சிப்பிக்குள் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு நிமிடமும் வந்துபோகிறார்கள். யார் தங்குவது என்பதைப் பிறப்பு தீர்மானிப்பதில்லை. 'குழுமம்' என்றால் ஏதோ கம்பெனி போலக் கேட்கிறது. திணைக் கோட்பாட்டின் கருப்பொருளை இழுத்துவந்து, இதெல்லாம் நம்மிடம் முன்பே இருக்கிறதே என்று கிளம்பும் ஆசையையும் அடக்கிக்கொள்ளலாம். கருப்பொருள் ஒரு நிலத்துக்கு உரியவற்றின் பட்டியல். பட்டியலில் உள்ளவை ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்பது அதன் கவலை அல்ல.

என் தேர்வு, பாட்டிகள் புழங்கிய ஒரு சொல்: சகவாசம். பிரித்தால் 'சேர்ந்து வசித்தல்', கிட்டத்தட்ட மோபியஸின் கிரேக்கச் சொல்லேதான். ஆனால் வழக்கில் இந்தச் சொல்லோடு ஒரு எச்சரிக்கையும் ஒட்டியிருக்கிறது. 'அவன் சகவாசம் சரியில்ல', 'எல்லாம் சகவாச தோஷம்' என்கிறோம். சேர்ந்து வாழ்வது நல்லதா கெட்டதா என்று சொல் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. அது உன்னை மாற்றும், அவ்வளவுதான் சொல்கிறது. சிப்பிக்குள் நடப்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

3

சிப்பியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தனி இலக்கியமே உண்டு. அதில் மூன்று புத்தகங்களைப் பார்ப்போம். மூன்றும் நான் ரசித்தவை. மூன்றிலும் சிப்பி தவறான இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

எம்.எஃப்.கே. ஃபிஷரின் 'கன்சிடர் தி ஆய்ஸ்டர்' 1941இல் வந்தது. நோயில் இறந்துகொண்டிருந்த கணவர் டில்வின் பாரிஷுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எழுதியது. அதே ஆண்டில் அவர் இறந்தார். சமையல் குறிப்பும் நகைச்சுவையும் கலந்த சின்னப் புத்தகம். ஆனால் அடியில் ஓடுவது தனிமை. ஃபிஷரின் சிப்பி ஒரு தனி உயிர். நீந்தித் திரியும் குஞ்சாகப் பிறந்து, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, ஆணாகி, பெண்ணாகி, எதிரிகளுக்குத் தப்பி, கடைசியில் தட்டுக்கு வரும் ஒரு தனிவாழ்க்கை. பெயரில் 'ஆர்' எழுத்து இல்லாத மாதங்களில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை, சிப்பி சாப்பிடக்கூடாது என்ற பழைய விதிக்கு அவர் ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அந்த விதிக்குப் பின்னால் சிப்பியின் இனப்பெருக்கப் பருவம் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. நீர் சூடாகும்போது பெருகுகிற விப்ரியோ இனப் பாக்டீரியாக்கள். அதாவது அந்தப் பழைய விதி ஒரு சகவாச விதியும்கூட. ஃபிஷரின் தனிமைச் சிப்பிக்குள் அதற்கு இடமில்லை.

மார்க் குர்லான்ஸ்கியின் 'தி பிக் ஆய்ஸ்டர்' (2006) நியூயார்க் நகரத்தின் வரலாற்றைச் சிப்பி வழியாகச் சொல்கிறது. நகரம் தன் கழிவுநீரைத் துறைமுகத்தில் கொட்டுகிறது, சிப்பி டைஃபாய்டைத் திருப்பிக் கொடுக்கிறது, 1927இல் கடைசித் திட்டும் மூடப்படுகிறது. நல்ல துன்பியல் நாடகம். ஆனால் இங்கே சிப்பி ஒரு பாத்திரம் மட்டும்தான். நீரில் என்ன ஊற்றினாலும் அது உள்ளே நிற்கும்.

ரோவன் ஜேக்கப்சனின் 'எ ஜியாக்ரஃபி ஆஃப் ஆய்ஸ்டர்ஸ்' (2007) இதன் இன்பியல் வடிவம். திராட்சை மதுவில் மண்ணின் சுவை வருவதுபோலச் சிப்பியில் அந்தந்தக் கடலின் சுவை வரும் என்கிறது. இந்த வளைகுடாச் சிப்பி ஒரு ருசி, பக்கத்து வளைகுடாச் சிப்பி வேறு ருசி. சுவை விஷயத்தில் இது உண்மையும்கூட. உப்பும் பாசியும் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் வாசித்து முடிக்கும்போது சிப்பி கடலின் கண்ணாடி என்ற எண்ணம் நம்மிடம் தங்கிவிடுகிறது.

சுற்றியுள்ள நீரையும் சிப்பியையும் தனித்தனியே எடுத்து, இரண்டிலும் உள்ள பாக்டீரியாக்களை ஒப்பிட்டால் இந்தக் கண்ணாடி உடைகிறது. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். சிப்பி மணிக்குப் பல லிட்டர் நீரைத் தன் செவுள் வழியே இழுத்து வடிகட்டித் தின்னும் பிராணி. அதன் ரத்த ஓட்டம் நம்முடையதுபோல் மூடிய குழாய்களில் ஓடுவதில்லை. திறந்த அமைப்பு. ஆரோக்கியமான சிப்பியின் ரத்தத்திலேயே பாக்டீரியா இருக்கும். தர்க்கப்படி பார்த்தால், நீரில் என்ன விகிதமோ அதுதான் உள்ளேயும் இருக்கவேண்டும். ஆனால் அப்படி இருப்பதில்லை. வெவ்வேறு நாடுகளில் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான். நீரில் அரிதானது உள்ளே பெரும்பான்மையாக இருக்கலாம். நீரில் ஆதிக்கம் செலுத்துவது உள்ளே காணாமல் போகலாம். செவுளில் ஒரு கூட்டம், குடலில் வேறு, ரத்தத்தில் வேறு. அமெரிக்காவின் லூசியானா கரைச் சிப்பிகளில் 2012இல் பார்த்தபோது, இரைப்பையிலும் குடலிலும்கூட வேறுவேறு கூட்டங்கள். ஒரே வீட்டின் இரண்டு அறைகள்!

இதற்கு மிகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. சிப்பியின் செரிமானப் பாதையில் பளிங்குபோன்ற ஒரு கூழ்க்கம்பி சுழன்றுகொண்டே இருக்கும். உணவை அரைக்கவும் நொதிகளைக் கரைத்துவிடவும் அது உதவுகிறது. அதற்குள் திருகுபோல நெளியும் ஒரு நுண்ணுயிரை செர்த் என்ற பிரெஞ்சுக்காரர் 1882இல் விவரித்தார். மோபியஸின் புத்தகம் வந்து ஐந்தே வருடம். அந்தக் கம்பிக்குள் வசிக்கத் தெரிந்த உயிர் அது. சும்மா கடலில் மிதந்து வந்து உள்ளே மாட்டிக்கொண்ட ஒன்று அல்ல.

சந்தைக்குத் தெரிந்த சாட்சியும் உண்டு. பிரிட்டனில் சில சிப்பிகளை விற்பதற்கு முன் சுத்திகரிப்புத் தொட்டியில் வைப்பார்கள். புற ஊதா ஒளியில் கிருமி நீக்கிய கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கமான கணக்கு 42 மணி நேரம். கழிவுநீரிலிருந்து வந்த ஈ.கோலை இந்த நேரத்துக்குள் பெருமளவு வெளியேறிவிடும். விப்ரியோக்கள் அவ்வளவு லேசில் போகாது. ஈ.கோலை வழிப்போக்கன். விப்ரியோக்களில் பல குடித்தனக்காரர்கள். குர்லான்ஸ்கியின் 'பாத்திரம்' உண்மையாக இருந்தால் நீரை மாற்றியதும் இரண்டும் சேர்ந்து போயிருக்கவேண்டும்.

ஆக, சிப்பி கடலைப் பிரதிபலிப்பதில்லை. கடலை எடிட் செய்கிறது. நல்ல எடிட்டர்போல, வந்து குவிவதில் சிலவற்றைத் தள்ளுகிறது, சிலவற்றை வைத்துக்கொள்கிறது. சிலவற்றை என்ன செய்தும் தள்ள முடியாமல் சேர்ந்து வாழப் பழகிக்கொள்கிறது. எழுத்தாளன் தன் சூழலின் கண்ணாடி என்று பள்ளியில் படித்த விமர்சனம் ஏன் எப்போதும் அரைகுறையாகப் பட்டது என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. ஒரே நீரில் வளர்ந்த இரண்டு சிப்பிகள்கூட ஒன்றாக இருப்பதில்லை.

4

இனி சாவுக்கு வருவோம். இதுவரை சொன்னது வெறும் ரசனை வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் பிரான்ஸின் சிப்பி வளர்ப்பவர்களுக்கு இது பிழைப்பு.

பிரெஞ்சுக் கரையின் பழைய குடி, தட்டைச் சிப்பி. அதைத்தான் மோபியஸும் எழுதினார். அது குறையத் தொடங்கியபோது போர்த்துகீசியச் சிப்பி வந்தது. 1970களின் தொடக்கத்தில் ஒரு நோயில் அது அடியோடு போனது. தட்டைச் சிப்பியில் எஞ்சியதையும் ஒட்டுண்ணிகள் தின்றன. பிறகு ஜப்பானியக் கடலின் பசிபிக் சிப்பியைக் கொண்டுவந்தார்கள். இன்று பிரெஞ்சுச் சிப்பி என்றால் பெரும்பாலும் அதுதான். 2008 கோடையில் அந்தச் சிப்பியின் ஒரு வயதுக்கு உட்பட்ட குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சில பண்ணைகளில் பாதி, சில பண்ணைகளில் கிட்டத்தட்ட மொத்தமும். அடுத்த கோடையிலும் அதுவே. நீர் 16 டிகிரியைத் தாண்டியதும் ஆரம்பித்துவிடும். 2010இல் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பக்கம், 2016இல் தாஸ்மேனியா.

யார் செய்தது? கோக்கின் கேள்வி வந்துவிட்டது. விப்ரியோக்கள் ஏற்கெனவே சந்தேகப் பட்டியலில் இருந்தன. அவற்றில் சில வகைகளை ஊசியில் ஏற்றினால் சிப்பி சாகும், சிலவற்றை ஏற்றினால் ஒன்றும் ஆகாது. ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்றின் புதிய வடிவம் 2008இல் கண்டுபிடிக்கப்பட்டதும் விரல் அந்தப் பக்கம் திரும்பியது. குஞ்சுகளைக் கூடத்தில் உற்பத்தி செய்கிறார்களே, மூன்று தொகுதி குரோமோசோம் வைத்து மலட்டுச் சிப்பி செய்கிறார்களே, அதுதான் காரணம் என்று மரபான வளர்ப்பாளர்கள் சொன்னார்கள். கடல் சூடாகிறது என்றார்கள் சிலர். ஒவ்வொரு கதையிலும் ஒரே ஒரு வில்லன்.

இந்தச் சூழலில் வந்த இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை நான் இலக்கியப் பிரதிகளைப்போல அடுத்தடுத்து வைத்துப் படித்தேன்.

முதலாவது 2015இல் வந்தது. ஆனா லோக்மெரும் மத்தியாஸ் வெக்னரும் எழுதியது. ஆய்வு நடந்த இடம் ஜெர்மனியின் வடகடல் தீவான சில்ட்டில் உள்ள ஆய்வு நிலையம். மோபியஸின் சிப்பித் திட்டுகள் இருந்த அதே கடல். 8 டிகிரிக்கும் 22 டிகிரிக்கும் பழக்கிய சிப்பிகள். அவற்றில் சிலவற்றுக்கு வெப்ப அதிர்ச்சி, சிலவற்றுக்கு வீரியமான விப்ரியோ ஊசி. உயிரோடு இருந்தவை, செத்தவை இரண்டின் ரத்தத்தையும் எடுத்துப் பாக்டீரியாக்களைப் பார்த்தார்கள். ஆரோக்கியமான சிப்பிகளின் சகவாசத்தை வெப்பநிலை மாற்றியது. நோய்த்தொற்று மாற்றவில்லை. ஊசி போட்டும் பிழைத்த சிப்பிகள் ஊசியே போடாதவற்றைப்போலத்தான் இருந்தன. செத்தவற்றில், சாகக் கிடந்தவற்றில் நிலைமை வேறு. பன்முகம் சுருங்கிப்போய், ஒன்றிரண்டு வகைகள் மட்டும் பெருகி எல்லா இடத்தையும் பிடித்திருந்தன.

படித்ததும் புல்லரிக்கும். பன்மை அழிந்தால் மரணம்! உடனே ஒரு ஸ்டேட்டஸ் போடத் தோன்றும். நான் இங்கேதான் பிரேக் போடச் சொல்வேன். சுருங்கியதால் செத்ததா, சாகத் தொடங்கியதால் சுருங்கியதா? பிணத்தைத் தின்ன வருபவை எண்ணிக்கையில் பெருகும்தானே? லோக்மெரும் வெக்னரும் இதில் கவனமாக இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே பரஸ்பர விளைவு இருக்கக்கூடும் என்ற எல்லையில் நின்றுவிடுகிறார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது கட்டுரை 2018இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. ஜூலியன் தெ லோர்ஜெரிலும் பலரும் எழுதியது. அந்தச் சந்தேகத்துக்கு இது நேரத்தை வைத்துப் பதில் சொல்கிறது. எளிதில் சாகும் சிப்பிக் குடும்பங்களையும் தாக்குப்பிடிக்கும் குடும்பங்களையும், இயற்கையில் நடப்பதற்கு நெருக்கமான முறையில் நோய்க்கு உட்படுத்தி, மணிக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். முதலில் வைரஸ் நுழைகிறது. சிப்பியின் ரத்த அணுக்கள்தான் அதன் காவல்படை. வைரஸ் அவற்றுக்குள் பெருகி, அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. அதன் பிறகு, பலவகைப் பாக்டீரியாக்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. சிப்பி சாகிறது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தபோது சாவு குறைந்தது. அதாவது வைரஸ் வழி திறந்தது, கொலையை முடித்தது பாக்டீரியாக்கள். தாக்குப்பிடித்த குடும்பங்களில் வைரஸ் முதல் கட்டத்திலேயே பெருக முடியாமல் போனது.

கோக்கும் மோபியஸும் கைகுலுக்கும் இடம் இது. வைரஸ் இல்லாமல் அந்தச் சாவு தொடங்காது, ஆகவே 'யார்?' என்ற கேள்வி சரி. பாக்டீரியாக்கூட்டம் இல்லாமல் அது முடியாது, ஆகவே 'யாரோடு?' என்பதும் சரி. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் கதை பொய்யாகிவிடும்.

5

ஆனால் கட்டுரைகளின் மொழியோடு எனக்குப் பிணக்கு உண்டு.

இரண்டாம் கட்டத்தில் வரும் பாக்டீரியாக்களை இந்தத் துறை முழுக்க 'சந்தர்ப்பவாதிகள்' என்றே எழுதுகிறார்கள். தமிழில் இது கட்சி தாவிய எம்.எல்.ஏ.வைத் திட்டும் சொல். ஆங்கிலத்திலும் நல்ல சொல் அல்ல. அந்தப் பாக்டீரியாக்கள் என்ன செய்தன? நேற்றுச் செய்ததையேதான் இன்றும் செய்தன. சாப்பிட்டன, பெருகின. நேற்று அந்தப் பெருக்கத்தைக் காவல்படை ஒரு அளவில் நிறுத்தி வைத்திருந்தது, இன்று அது இல்லை. மாறியது வீடு. குடித்தனக்காரரைச் சந்தர்ப்பவாதி என்று அழைக்கும்போது, முன்பு அவர் ஏதோ நல்லவராக நடித்ததாக ஒரு கதையை நாம் நுழைத்துவிடுகிறோம். 'சமநிலை குலைவு' என்று அடிக்கடி வரும் சொல்லும் இப்படித்தான். சமநிலை என்று ஒன்று எங்கே எழுதி வைத்திருந்தது? வெப்பம் மாறியபோதெல்லாம் ஆரோக்கியமான சிப்பியின் கூட்டமும் மாறிக்கொண்டேதானே இருந்தது?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொய் இருக்கிறது. எட் யாங்கின் 'ஐ கன்டெய்ன் மல்டிட்யூட்ஸ்' (2016) வந்த பிறகு நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு காதல்மொழியே உருவாகிவிட்டது. யாங் நேர்மையானவர். நல்ல நுண்ணுயிர், கெட்ட நுண்ணுயிர் என்று கிடையாது, இடமும் பொழுதும்தான் என்று அவரே வற்புறுத்துகிறார். அவரைப் படித்துவிட்டு எழுதியவர்கள்தான் 'நமக்குள் வாழும் நண்பர்கள்' என்று ஆரம்பித்தார்கள். சிப்பி இந்தக் கற்பனைக்கு நல்ல மருந்து. அதன் ரத்தத்தில் அமைதியாக இருந்தவைகூட அதைக் கொல்ல முடியும். அவை அதுவரை நண்பர்களும் இல்லை, பிறகு துரோகிகளும் இல்லை. சகவாசம், அவ்வளவுதான்.

என் தொழில்பக்கத்திலிருந்து ஒன்று. இந்த ஆய்வுகளில் 'கம்யூனிட்டி' என்பது கடைசியில் ஒரு அட்டவணை. வரிசைகளில் பாக்டீரியா வகைகள், பத்திகளில் மாதிரிகள், கட்டங்களில் எண்கள். இந்த அட்டவணைக்கும் சிப்பிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1960இல் சியாட்டிலில் ரீட்டா கோல்வெல் என்ற ஆய்வு மாணவி, ஜான் லிஸ்டனோடு சேர்ந்து பசிபிக் சிப்பியின் இயற்கையான பாக்டீரியாக்களை விவரித்தார். பாக்டீரியாக்களை வகைப்படுத்த ஐபிஎம் 650 கணினிக்கு நிரல் எழுதியவரும் அவரே. பின்னாளில் காலரா ஆய்வில் பெரிய பெயர், அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநர். அவர் காலத்தில் ஆய்வகத் தட்டில் வளர்கிறவற்றை மட்டுமே எண்ண முடிந்தது. கடல் பாக்டீரியாக்களில் அப்படி வளர்பவை நூற்றில் ஒன்றுகூட இருக்காது. இன்று தட்டு தேவையில்லை. எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவின் துண்டைப் படித்து, பார்கோடுபோலப் பிரித்துவிடலாம்.

ஆனால் பார்கோடு இரண்டும் 97 சதவீதம் ஒத்திருந்தால் ஒரே வகை என்று வைத்துக்கொள்வது நாம் போட்ட கோடு, கடல் போட்டது அல்ல. அதைவிட முக்கியம், அட்டவணையில் இருப்பவை பெரும்பாலும் விகிதங்கள். இரண்டு வகைகள் ஐம்பது ஐம்பதாக இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று நூற்றைம்பதாகப் பெருகுகிறது, மற்றது அதே ஐம்பதில் நிற்கிறது. அட்டவணையில் இரண்டாவது 50 சதவீதத்திலிருந்து 25ஆக 'வீழ்ந்திருக்கும்'. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை! முழுச்சிப்பியை அரைத்து மாதிரி எடுத்தால், அறைகளுக்கு நடுவே இருந்த சுவர்களையும் சேர்த்து அரைத்துவிடுகிறோம். துறைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும், முறைகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அதைச் செய்தியாக வாசிக்கும் நமக்குத்தான் தெரிவதில்லை. 'சரிவு', 'ஆதிக்கம்' போன்ற சொற்களைப் பார்க்கும்போது, எண்ணிக்கையா விகிதமா என்று கேட்கும் வாசகன் வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், சர்வர் விழுந்தால் மறுநாள் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதில் 'ரூட் காஸ்' என்று ஒரு பெட்டி. ஒரு வரிக்குமேல் டைப் செய்தால் ஏற்காது. உண்மையில் நடந்தது எப்போதும் மூன்று நான்கு விஷயங்கள் சேர்ந்துதான். ஒன்று வழி திறக்கும், ஏற்கெனவே உள்ளே இருந்த ஏதோ ஒன்று வேலையை முடிக்கும். ஆனால் பெட்டி ஒன்று என்பதால் பழியும் ஒன்றின்மேல், சிலசமயம் ஒருவர்மேல். பெரிய சிஸ்டங்களைப் பராமரிப்பவர்கள் பலர் இன்று ஒற்றை மூலகாரணம் என்ற எண்ணத்தையே கைவிட்டுவிட்டார்கள். 2018இன் சிப்பிக் கட்டுரை எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். அதே சமயம் அதன் தலைப்பைப் பாருங்கள். வைரஸ் 'காரணமாகிறது' என்ற வினைச்சொல் ஒருமையில்தான் நிற்கிறது. தலைப்பும் ஒரு பெட்டிதான்.

6

இதனால் சிப்பி வளர்ப்பவருக்கு என்ன? நிறைய. வில்லன் ஒரே பாக்டீரியா என்றால் மருந்து தேடலாம், ஆனால் கடலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊற்ற முடியாது. ஆய்வகத்துக்குள் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள மட்டுமே அது உதவும். வைரஸ்தான் முதல் படி என்று தெரிந்ததால், அந்தப் படியில் தாக்குப்பிடிக்கும் சிப்பிக் குடும்பங்களைத் தேர்ந்து வளர்க்கும் வேலைக்குப் பொருள் வந்தது. கூட்டமும் வெப்பமும் கணக்கில் உண்டு என்று தெரிந்ததால், எத்தனை சிப்பியை ஒரு வலைப்பையில் அடைப்பது, எந்த மாதத்தில் கடலில் இறக்குவது, ஒரு வளைகுடாவின் குஞ்சை இன்னொரு வளைகுடாவுக்குக் கொண்டுபோகலாமா என்பதெல்லாம் உயிர்போகும் கேள்விகளாயின. கொண்டுபோகும்போது சிப்பி தனியாகப் போவதில்லையே. ஃபிஷர் கிண்டலாக எழுதிய 'ஆர்' மாதங்களின் எல்லையும் கடல் சூடாகச் சூடாக நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

மோபியஸ் பார்த்த தட்டைச் சிப்பித் திட்டுகள் இன்று அந்தக் கரையில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஜெர்மன் வடகடலோரத்திலிருந்து அந்தச் சிப்பி மறைந்துவிட்டது. அள்ளியது போதும் என்று அவர் எழுதியதை யாரும் கேட்கவில்லை. 1980களில் பசிபிக் சிப்பியைச் சில்ட் தீவில் பண்ணையில் இறக்கினார்கள். அது வேலி தாண்டிப் போய், பாறைபோலப் பரந்த தன் சொந்தத் திட்டுகளைக் கட்டிக்கொண்டது, பெரும்பாலும் மட்டிகள் வாழ்ந்த படுகைகளின் மேல். மட்டிகளும் போய்விடவில்லை, அந்தச் சிப்பிகளுக்கு இடையிலேயே ஒண்டி வாழ்கின்றன. லோக்மெரும் வெக்னரும் ஊசி போட்டதும் இந்த வந்தேறிச் சிப்பிகளின் இனத்துக்குத்தான்.

சகவாசம் என்ற கருத்தை நமக்குக் கொடுத்த அந்தச் சிப்பிக்கூட்டம், மோபியஸின் பக்கங்களில் நண்டும் நத்தையும் புழுவுமாக இன்னும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் விடுபட்ட பெயர்களை இன்று அதே கடலில், வேறொரு சிப்பியின் ரத்தத்திலிருந்து படித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டியல் இன்னும் முடியவில்லை.